எங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிறம்

கண்டியில் நான் நான்காம் வகுப்புப் படித்த ஆண்டு, சுதந்திர தினத்துக்கு முந்திய வாரத்தில், தேசியக் கொடியை வரைந்து வண்ணம் தீட்டிக்கொண்டு வருமாறு ஆசிரியர் பணித்தார். என்னிடமிருந்த பெட்டியில் ஆறு நிறப் பென்சில்கள்தாம் இருந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம், கறுப்பு. கொடியின் ஓரத்துப் பட்டைக்கு வேண்டிய தோடம்பழ நிறம் அதில் இல்லை. மஞ்சளைத் தீட்டி, அதன் மேல் சிவப்பை மெல்லத் தேய்க்கும்படி அப்பா சொல்லிக்கொடுத்தார். கொழும்பு வீதியில் இருந்த ஒரு புடவைக் கடையில் அவர் கணக்கெழுதினார். நிறங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு.

அந்தப் பட்டை தமிழரைக் குறிக்கிறது, பச்சைப் பட்டை முஸ்லிம்களைக் குறிக்கிறது என்று மறுநாள் ஆசிரியர் விளக்கினார். மாலையில் அடுத்த வீட்டுச் சிங்களச் சிறுவனிடம் பெருமையோடு இதைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். “அது எங்கள் ஹாமுதுருமாரின் சீவர நிறம். அது எப்படி உங்களுடையதாகும்?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இரவு அப்பாவிடம் கேட்டேன். பேரேட்டிலிருந்து தலையை உயர்த்தாமலே அவர் சொன்னார்: “நிறத்தைத் தந்துவிட்டார்கள். ஆளைத்தான் இன்னும் எடுக்கவில்லை.”

அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்கு வருமுன், ஒரு நிறத்தை மனிதன் ஏன் விரும்புகிறான், இன்னொன்றை ஏன் வெறுக்கிறான் என்ற கேள்வியைச் சற்றுத் தொட்டுச் செல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டீபன் பாமர், கேரன் ஷ்லாஸ் என்னும் உளவியல் ஆய்வாளர் இருவர் 2010 ஆம் ஆண்டு ஒரு விளக்கத்தை வெளியிட்டார்கள். 32 நிறங்களைக் காட்டி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று சிலரிடம் கேட்டார்கள். வேறு சிலரிடம், ஒவ்வொரு நிறமும் எந்தெந்தப் பொருள்களை நினைவூட்டுகிறது என்று கேட்டார்கள். இன்னும் சிலரிடம் அந்தப் பொருள்கள் பிடிக்குமா, பிடிக்காதா என்று கேட்டார்கள். மூன்றையும் ஒப்பிட்டபோது, நிறங்கள் மீதான விருப்பு வெறுப்பில் பெரும்பகுதி பொருள்களின் மீதான விருப்பு வெறுப்பாகவே இருந்தது. நீலம் பிடிப்பது தெளிந்த வானமும் சுத்தமான நீரும் பிடிப்பதால். மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பு பிடிக்காதது மலத்தையும் அழுகிய உணவையும் அது நினைவூட்டுவதால். (வாசலில் சாணம் தெளித்துக் கோலமிடும் நம் வீட்டுப் பெண்களிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் விடை கொஞ்சம் மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.)

அவர்களுடைய தொடர் ஆய்வுகள் இன்னும் சுவையானவை. பெர்க்லி, ஸ்டான்ஃபோர்ட் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களும் நெடுங்காலப் போட்டியாளர்கள். தன் பல்கலைக்கழகத்தின் மீது பற்று மிகுந்த மாணவனுக்கு அதன் நிறங்களின் மீதும் பற்று மிகுந்திருந்தது. அரசியல் கட்சிகளின் சிவப்பையும் நீலத்தையும் வைத்துச் செய்த ஆய்வில், குடியரசுக் கட்சியினருக்கும் ஜனநாயகக் கட்சியினருக்கும் சாதாரண நாள்களில் வேறுபாடு தெரியவில்லை. தேர்தல் நாளில் மட்டும் சிவப்பின் மீதான விருப்பம் இரு தரப்பாருக்கும் இடையில் வேறுபட்டது. அக்கட்சிகளுக்கு அந்நிறங்கள் உறுதியாக ஒட்டிக்கொண்டதே 2000 ஆம் ஆண்டுத் தேர்தல் இரவின் தொலைக்காட்சி வரைபடங்களுக்குப் பின்னர்தான்.

இலங்கையருக்கு இது புதினமாக இராது. சர்வசன வாக்குரிமை கிடைத்தபின் நடந்த அரசாங்க சபைத் தேர்தல்களில், எழுத்தறியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் ஒதுக்கி, அந்நிறம் பூசிய பெட்டியில் வாக்கை இடச் செய்தார்கள். 1947 தேர்தலில் சின்னங்கள் வந்து அந்த ஏற்பாடு மறைந்தது. நிறம் மறையவில்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பச்சை, சுதந்திரக் கட்சிக்கு நீலம், இடதுசாரிகளுக்குச் சிவப்பு என்று அது தொடர்ந்தது. நான் செய்தியாளனாகத் தேர்தல் கூட்டங்களுக்குச் சென்ற காலத்தில், எந்தச் சட்டையை அணிந்து போவது என்பது சிறிய பிரச்சினை அன்று. வெள்ளைச் சட்டை அணிந்தவனே எல்லா மேடைகளின் அருகிலும் நிற்க முடிந்தது.

கண்டிக்குத் திரும்புவோம். இந்த நகரத்துக்கென்று ஒரு பழைய நிறம் உண்டென்றால் அது சிவப்பு. மகாவலிக்கு அப்பால் இருக்கும் தெகல்தொருவை குகை விகாரைக்குச் செல்பவர்கள் அதைக் காணலாம். 18 ஆம் நூற்றாண்டில், நாயக்கர் வம்சத்து மன்னர்களின் காலத்தில், தேவரகம்பொல சில்வத்தென்ன என்னும் ஓவியரின் தலைமையில் தீட்டப்பட்ட சுவர்கள் அவை. ஜாதகக் கதைகள் நீண்ட பட்டைகளாக ஓடுகின்றன. மனிதர், மரம், யானை, மாளிகை எல்லாவற்றுக்கும் பின்னால் சிவப்பு நிற்கிறது. அதன் மேல் மஞ்சள் உடல்கள், வெள்ளை ஆடைகள், கறுப்புக் கோடுகள். நீலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

காரணம் பெருமளவு எளிமையானது என்பது என் எண்ணம். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், கண்டிக் கைவினைஞர்கள் எந்த நிறத்தை எதிலிருந்து எடுத்தார்கள் என்பதைப் பதிந்திருக்கிறார். வெள்ளைக்கு மகுல் என்னும் வெண்களிமண். மஞ்சளுக்குக் கொகட்டு மரத்தின் பிசின். கறுப்புக்குப் புகைக்கரி. சிவப்புக்குச் ‘சாதிலிங்கம்’. இந்தச் சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. நம் சித்த மருத்துவரின் பெட்டியில் இருக்கும் அதே இரசக் கனிமந்தான். கையில் கிடைத்த நிறங்களைக் கொண்டு வழிபடும் இடங்களை அலங்கரித்தார்கள். வழிபடும் இடங்களில் கண்ட நிறங்களை மக்கள் விரும்பினார்கள். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டிக்கு வந்திருந்தால் தங்கள் கொள்கைக்கு ஒரு சுவரையே சான்றாகக் காட்டியிருக்கலாம்.

சிவப்பின் மேல் மஞ்சள். கண்டியின் சிங்கக் கொடியும் அதுதான்.

அந்தக் கொடியின் கதை இங்கே அரண்மனையின் மகுல் மடுவத்தில் திரும்புகிறது. 1815 மார்ச் 2 அன்று அந்த மண்டபத்தில் கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் உடன்படிக்கை செய்தார்கள். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட, நாயக்கர் வம்சத்தவனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதற்குமுன்பே பிடிபட்டிருந்தான். அவனை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832 ஜனவரி 30 அன்று அங்கேயே இறந்தான். கொடி இங்கிலாந்துக்குப் போயிற்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, செல்சியிலிருந்த படைவீரர் இல்லத்தில் அதை ஈ.டபிள்யூ. பெரேரா கண்டுபிடித்தார். இழந்த சுதந்திரத்தின் நூற்றாண்டையொட்டி ‘தினமின’ அதன் படத்தை வெளியிட்டது. அதுவரை பெரும்பாலான சிங்கள மக்களே கண்டிராத கொடி அது. சில ஆண்டுகளில் அவர்களுடைய நெஞ்சக்கொடியாகிவிட்டது. ஒரு பத்திரிகைப் படம் செய்யக்கூடிய வேலையைப் பற்றி என் போன்றோருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

1948 ஜனவரியில், சுதந்திரம் வர இருந்த வேளையில், அந்த மன்னனின் கொடியையே நாட்டின் கொடியாக்க வேண்டுமென்ற பிரேரணை நாடாளுமன்றத்துக்கு வந்தது. சிவப்புப் பின்னணியில், வலது முன்காலில் வாளேந்திய மஞ்சள் சிங்கம் என்று பிரேரணை அதை வருணித்தது. கொண்டுவந்தவர் மட்டக்களப்பின் முஸ்லிம் உறுப்பினர் ஏ. சின்னலெப்பை. இதை இன்று சொன்னால் பலர் நம்புவதில்லை. தமிழ் பேசிய ஒரு முஸ்லிம், தென்னிந்திய வம்சத்து மன்னன் ஒருவனின் கொடியை நாட்டுக்குக் கேட்டார். அது சிங்கள இனத்தின் கொடி என்பதே பின்னர் எழுந்த தகராறு.

தகராறு உண்மையாகவே எழுந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைவர். சேர் ஜோன் கொத்தலாவல, ஜே.ஆர். ஜயவர்தன, டி.பி. ஜாயா, டாக்டர் எல்.ஏ. ராஜபக்ஷ, ஜீ.ஜீ. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோர் உறுப்பினர்கள். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான செயலாளர். குழு கண்டறிந்த சமரசம் நிறங்களால் ஆனது. சிங்கம் தன் சிவப்புக் களத்தில், தன் மஞ்சள் எல்லைக்குள் அப்படியே இருக்கும். அதற்கு வெளியே காவி, பச்சை என இரண்டு செங்குத்துப் பட்டைகள் சேரும். ஒவ்வொன்றும் முழுக் கொடியின் ஏழில் ஒரு பங்கு.

நடேசன் இதற்கு உடன்படவில்லை. தனியாகத் தம் மாறுபட்ட கருத்தை எழுதினார். பட்டைகள் சிங்கத்தின் எல்லைக்கு வெளியே ஒதுங்கி நிற்கின்றன, இத்தகைய கொடி ஒற்றுமைக்கு அன்றி வேற்றுமைக்கே அடையாளமாகும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவர் நிறத்தை எதிர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிறம் வைக்கப்பட்ட இடத்தையே எதிர்த்தார். அவருடைய குரல் தனித்துப் போனது. 1951 மார்ச் 2 அன்று நாடாளுமன்றம் கொடியை ஏற்றது. கண்டி உடன்படிக்கையின் அதே திகதி, 136 ஆண்டுகள் கழித்து. மூலைகளில் அரசிலைகள் வந்தது 1972 இல்.

நிற்க. தமிழருக்கு ஏன் அந்த நிறம்?

இதைப் பற்றி நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். ‘காவி இந்துக்களின் நிறம்’ என்பதே வழக்கமான விடை. காவி இந்துக்களில் யாருடைய நிறம்? வீட்டைத் துறந்தவனுடையது. குடும்பம் நடத்தும் தமிழனுடைய மங்கல நிறங்கள் மஞ்சளும் குங்குமச் சிவப்பும் பச்சையும். கலியாண வீட்டில் காவியை யாரும் தேடுவதில்லை. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில், யாழ்ப்பாண மன்னருக்கு நந்தி என்று நம் கொடிகளுக்கு உருவமே அடையாளமாக இருந்தது. இன்ன நிறம் தமிழன் நிறம் என்று எவரும் சொன்னதில்லை. அந்த நிறத்துக்குத் தமிழில் பழைய தனிச்சொல்கூட இல்லை. செம்மஞ்சள் என்று இரண்டைச் சேர்க்கிறோம், அல்லது தோடம்பழத்தைத் துணைக்கு அழைக்கிறோம். பெர்லின், கே என்னும் அறிஞர்கள் 1969 இல் உலக மொழிகளின் நிறப் பெயர்களை ஆராய்ந்தபோது, மொழிகளில் கடைசியாகப் பெயர் பெறும் நிறங்களில் ஒன்றாக இதைக் கண்டார்கள். நமக்கென ஒதுக்கப்பட்டது, நம் மொழி பெயரிடத் தாமதித்த நிறம்.

கண்டியில் அந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். 1753 இல் சியாமிலிருந்து வந்த உபாலி தேரர் இங்கே உபசம்பதையை மீட்டுத் தந்த நாள் தொட்டு, மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் பிக்குமார் நடமாடும் நகரம் இது. வாவிக்கரையில் ஒரு மாலை உலாவினால் அந்த நிறத்தின் எல்லாச் சாயல்களையும் காணலாம். அடுத்த வீட்டுச் சிறுவன் சிரித்ததில் தவறில்லை. அவனுக்கு அது தினமும் கும்பிடும் நிறம்.

இனி அப்பாவின் வாக்கியத்துக்கு வருகிறேன். கொடிக் குழு கூடிக்கொண்டிருந்த அதே 1948 இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகத்துத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோர் அதனால் நாடற்றவர்களானார்கள். மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. பதிவின் மூலம் பிரஜாவுரிமை கோருவோர் விண்ணப்பிக்க 1949 ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஆண்டு தந்தது. அது முடிந்தது 1951 ஆகஸ்டில். ஆகவே, கண்டியைச் சுற்றியிருந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களும், என் அப்பாவைப் போல் நகரக் கடைகளில் வேலை செய்தவர்களும் தங்கள் பிறப்பையும் குடியிருப்பையும் நிரூபிக்கும் கடதாசிகளைத் தேடி அலைந்த மாதங்களில், ‘தமிழருக்கு’ என்று கொடியில் ஒரு பட்டை ஏற்கப்பட்டது.

அப்பாவின் விண்ணப்பம் பதினோராண்டு ஒரு கோப்பில் கிடந்து, பின்னர் நிராகரிக்கப்பட்டது. எனக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடைத்தபோது முப்பது வயது கடந்திருந்தது. அந்த நிறத்தை நான் வெறுத்ததில்லை. விரும்பியதும் இல்லை. யாருக்கோ தைத்த சட்டையை என் தோளில் வைத்துப் பார்த்தது போன்ற உணர்வே இருந்தது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிலர் கொடியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுடைய கோபம் வாளேந்திய சிங்கத்தின் மீது. பட்டையைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை.

எனினும், 2015 ஏப்ரலில் கொழும்பில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில், காவியும் பச்சையும் நீக்கப்பட்ட சிங்கக் கொடிகளைச் சிலர் ஏந்தி நின்ற படத்தைப் பார்த்தபோது, எனக்கே வியப்பாக, நெஞ்சில் ஏதோ அறுந்தது. அறுபது ஆண்டுகளாக எனக்குச் சம்பந்தமில்லை என்றிருந்த பட்டை, இல்லாமற் போனபோது என்னுடையதாயிற்று. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த நாள்களில், பச்சைப் பட்டையைப் பற்றி ஒரு முஸ்லிம் நண்பர் கிட்டத்தட்ட இதையே என்னிடம் சொன்னார்.

வெள்ளையைப் பற்றிச் சொல்லாமல் கண்டியின் நிறங்களைப் பேசி முடிக்க இயலாது.

போயா தினத்தில் தலதா மாளிகைக்குச் செல்லும் வழியெங்கும் வெள்ளை. சில் அனுட்டிக்கும் கிழவியர் முதல் கைக்குழந்தை வரை வெள்ளை. கண்டிச் சிங்களப் பெண் மணமகளாவதும் பெரும்பாலும் வெள்ளை ஒசரியில்தான். அத்தகைய திருமணமொன்றுக்கு என் பாட்டி ஒரு முறை சென்று, மணமகளைக் கண்ட மாத்திரத்தில் “அடி பெண்ணே!” என்று வாயில் கை வைத்ததை அம்மா பலமுறை சொல்லிச் சிரிப்பார். நம்மிடம் வெள்ளைச் சேலை கணவனை இழந்தவளுக்கு உரியது.

அம்மாவே அந்த விடயத்தில் பாட்டியை விட மாறியவர் அல்லர். அடுத்த வீட்டு மெனிக்கே அக்கா அவரை மாளிகைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். வெள்ளை உடுத்தி வருமாறு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா மஞ்சள் சேலையில், நெற்றி நிறைந்த குங்குமத்தோடு போவார். “அவர் இருக்கும்போது நான் வெள்ளை உடுத்த மாட்டேன், அக்கா” என்பார். மெனிக்கே அக்காவுக்கு அது விளங்கியதில்லை. தூய நிறத்தை ஒருத்தி ஏன் அஞ்ச வேண்டும்?

1983 ஜூலை 26 அன்று கலவரம் கண்டிக்கு வந்தது. நான் கொழும்பில், ஊரடங்கில் அகப்பட்டிருந்தேன். அப்பா கணக்கெழுதிய கடையும் எரிந்தது. மெனிக்கே அக்கா எங்கள் வீட்டின் பின்கதவு வழியே வந்து, அம்மாவையும் அப்பாவையும் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அப்பாவை உள்ளறையில் கட்டிலுக்குப் பின்னால் இருத்தினார். ஆள்கள் வந்து எட்டிப் பார்த்தால் அம்மா கண்டிக்காரியாகத் தெரிய வேண்டும். பொட்டை அழிக்கச் சொன்னார். அவசரத்தில் கைக்கு வந்த தம் சேலை ஒன்றை எடுத்து, ஒசரிக் கட்டாகக் கட்டிவிட்டார். அது அவர் மாளிகைக்குப் போகும் வெள்ளைச் சேலை.

ஆள்கள் வந்தார்கள். வாசலில் பேசினார்கள். வெற்று நெற்றியோடு, வெள்ளைச் சேலையில், கையில் அரிசிச் சுளகோடு அமர்ந்திருந்த பெண்ணை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதை அம்மா என்னிடம் சொன்னது அப்பா மறைந்து பல ஆண்டுகள் கழித்து. அவர்கள் போன பின் உள்ளறைக்குச் சென்றாராம். அப்பா நிமிர்ந்து பார்த்தாராம். பின்பு மூன்று நாள்களும் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினாராம்.

வீடு திரும்பியதும் அம்மா அந்தச் சேலையைத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். குங்குமம் இட்ட நெற்றியோடு போனார். மெனிக்கே அக்கா சேலையை வாங்கிக்கொண்டு, சிறிது நேரம் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமக்குத் தெரிந்த தமிழில், “தங்கச்சிக்கு இனி நான் வெள்ளை தர மாட்டேன்” என்றார்.